சூரியன்மேல் பழி போடாதையுங்கோ

போன சித்திரையில், ஃபேன் சுத்தியும் காத்து வராத ஒரு மத்தியானம், எங்களில் ஒருத்தியின் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பினவர் கனடாவில் இருக்கிற மாமா. "சூரியன் தூங்கப் போகிறது! 2030இல் குட்டிப் பனியுகம்! உலகம் சூடாகுது எண்டதெல்லாம் வியாபாரப் பொய்!" போர்டிங் அறையில் வேர்த்து ஒழுகிக்கொண்டு அதை வாசித்துச் சிரித்தோம்.

ரெண்டு நாள் கழித்து அதே குழுவில் இன்னொரு செய்தி. "சூரியன் இப்ப உச்சத்தில நிக்குது, அதாலதான் இந்த வெக்கை. மனுசர் ஒண்டும் செய்யேலாது." இந்த முறை சிரிப்பு வரவில்லை. ஒரு செய்தி சூரியன் அணையப்போகுது எண்டுது, மற்றது கொதிக்குது எண்டுது. ரெண்டும் ஒன்றையொன்று வெட்டும். ஆனால் ரெண்டும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒண்டுதான்: இதுக்கு ஒருத்தரும் பொறுப்பில்லை, ஒருத்தரிட்டையும் கேள்வி கேக்காதையுங்கோ.

இந்தக் கதைக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

எழுதப்போகிறோம் எண்டு சொன்னதும் விஞ்ஞானபீடத்து நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்கள் ஆர்ட்ஸ் ஆக்கள், உங்களுக்கேன் உந்த வேலை?" நியாயமான கேள்வி. சூரியனுக்குள் என்ன நடக்குது எண்டது பௌதிகம். சூரியனைக் காட்டி ஆர் ஆர் தப்பிக்கிறார்கள் எண்டது வரலாறு. வரலாறு எங்கட பாடம்.

முதலில் சூரியனுக்கு நியாயம் செய்வோம். சூரியன் மாறுவது உண்மை. அந்த மாற்றத்தை மனிதர்கள் கண்டுபிடித்த கதையும் பொறுமையான, அழகான ஒரு கதை.

ஜேர்மனியின் டெசாவ் நகரில் ஹைன்ரிக் ஷ்வாபே எண்டொரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். புதன் கோளுக்கும் உள்ளே இன்னொரு கோள் சுற்றுகிறது, அது சூரியனைக் கடக்கும்போது கறுப்புப் பொட்டாகத் தெரியும் எண்டு நினைத்தார். 1826 தொடங்கி, மழை முகில் இல்லாத ஒவ்வொரு நாளும் தொலைகாட்டியால் சூரியனைப் பார்த்து, கோளோடு குழப்பிவிடக்கூடாது எண்டு சூரியப்புள்ளிகளையும் குறித்து வந்தார். கோள் கிடைக்கவில்லை. அப்படியொரு கோளே இல்லை. ஆனால் 17 வருடம் எண்ணின பிறகு, புள்ளிகள் ஏறக்குறைய 10 வருடத்துக்கொருமுறை கூடிக் குறைவது அவருக்குத் தெரிந்தது. பிறகு ருடோல்ப் வூல்ஃப் பழைய குறிப்புகளையெல்லாம் தேடிச் சேர்த்து, சராசரி 11 வருடம் எண்டு கணக்கிட்டார். 1755இல் தொடங்கின வட்டத்துக்கு இலக்கம் 1 கொடுத்தார். இப்போது நாங்கள் இருப்பது 25ஆவது வட்டத்தில். அது 2019 டிசம்பரில் தொடங்கியது.

புள்ளி எண்டால் என்ன? 1908இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ஜோர்ஜ் ஹேல் அதைக் கண்டுபிடித்தார். சூரியப்புள்ளி ஒரு பெரும் காந்தம். அதன் காந்தப்புலம் பூமியினதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலியது. உள்ளிருந்து மேலே வரும் வெப்பத்தை அது தடுக்கிறது. அதனால் அந்த இடம் சுற்றியுள்ளதைவிட ஏறக்குறைய 2,000 பாகை குளிர்ந்து கறுப்பாகத் தெரிகிறது.

ஏன் இந்த வட்டம்? சூரியன் கல்லுப்போல ஒரே துண்டாகச் சுற்றுவதில்லை. நடுப்பகுதி ஒரு சுற்றை 25 நாளில் முடிக்கும், முனைப்பகுதிக்கு 35 நாள் மட்டில் எடுக்கும். இந்த இழுபறியில், உள்ளே இருக்கிற காந்தக் கோடுகள் பம்பரத்தில் கயிறு சுற்றுவதுபோல முறுகி, அங்கங்கே வெளியே பிதுங்குகின்றன. புள்ளிகள் சோடிசோடியாகத் தோன்றும். ஒன்று வடமுனை, மற்றது தென்முனை. வட அரைக்கோளத்தில் எது முன்னுக்கு வருகிறதோ, தென் அரைக்கோளத்தில் அதற்கு எதிர்மாறு. அடுத்த வட்டத்தில் எல்லாம் தலைகீழ். சூரியனின் முனைகளே வட்டத்தின் உச்சத்தையொட்டி இடம் மாறிவிடுகின்றன. ஆகவே காந்தக் கணக்கில் பார்த்தால் உண்மையான வட்டம் 22 வருடம்.

அந்த 22உம் முழுக்கதை இல்லை. 1645 தொடக்கம் 1715 வரை, தொலைகாட்டிகள் இருந்தும் புள்ளிகளைக் காண்பது அரிதாக இருந்தது. இதை மோண்டர் சிறுமம் எண்கிறார்கள். பெயர் வால்டர் மோண்டருடையது. ஆனால் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் அனி மோண்டர். கேம்பிரிஜ்ஜில் கணிதம் படித்தவர், பெண் எண்டதால் பட்டம் கொடுபடவில்லை. கிறீனிச் அவதான நிலையத்தில் மாதம் 4 பவுண் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டார். 1895இல் கலியாணம் கட்டினதும் அந்த வேலையையும் விடவேண்டி வந்தது. வட்டம் முன்னேற முன்னேறப் புள்ளிகள் நடுக்கோட்டை நோக்கி நகர்வதைக் காட்டுகிற வண்ணத்துப்பூச்சி வரைபடத்தை இருவரும் சேர்ந்துதான் 1904இல் உருவாக்கினார்கள். பெயர் வைக்கிறபோது ஆர் விடுபடுகிறார்கள் எண்டதும் எங்கட பாடம்தான்.

தொலைகாட்டிக்கு முந்தின காலத்துக்கும் சாட்சி உண்டு. சூரியனின் காந்தப்புலம் தளரும்போது விண்வெளிக் கதிர்கள் கூடுதலாகப் பூமிக்கு வரும், காபன்-14 கூடுதலாக உண்டாகும், அது மரங்களின் ஆண்டு வளையங்களில் பதியும். அந்த வளையங்களையும் துருவப் பனியையும் வைத்துத்தான் ஆயிரக்கணக்கான வருடத்துச் சூரியனை வாசிக்கிறார்கள். நீண்டகால ஏற்ற இறக்கம் உண்மை. இதில் எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை.

சண்டை இந்த அறிவை என்னத்துக்குப் பாவிக்கிறார்கள் எண்டதில். அதுக்கு 1877க்குப் போகவேணும்.

1876இல் தென்னிந்தியாவில் மழை பொய்த்தது. தமிழில் அதைத் தாது வருஷப் பஞ்சம் எண்டு சொல்லுவார்கள். 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 55 இலட்சம் எண்கிற மதிப்பீடும் உண்டு, 80 இலட்சத்துக்கு மேல் எண்கிற மதிப்பீடும் உண்டு. அந்தக் காலத்திலேயே இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பல் கப்பலாகப் போனது. 1877 ஜனவரி 1ஆம் திகதி, வைஸ்ரோய் லிட்டன் பிரபு டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்துத் தர்பார் நடத்தினார். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு சேர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளுக்கு ஒரு இறாத்தல் தானியமும் கொஞ்சக் காசும். கல்லுடைத்து மண் சுமக்கிற உடம்புக்கு அது காணாது எண்டு மதராஸ் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் எழுதி எழுதிச் சண்டை பிடித்தார்.

இந்த நேரத்தில்தான் சூரியன் மேடைக்கு வருகிறது. அரசாங்கத்தின் புள்ளிவிபரத் தலைமை அதிகாரி வில்லியம் ஹண்டர், மதராஸ் மழைக் கணக்கையும் சூரியப்புள்ளிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புள்ளிகள் குறைகிற வருடங்களில் மழையும் குறையுது, பஞ்சம் வருகுது எண்டார். அப்போது புள்ளிகள் சிறுமத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. வானியலாளர் நோர்மன் லொக்யரும் அவரும் சேர்ந்து அந்த வருட நவம்பரில் லண்டன் சஞ்சிகை ஒன்றில் சூரியப்புள்ளிகளும் பஞ்சங்களும் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவோன்ஸ் இன்னும் ஒரு படி போனார். சூரியப்புள்ளி இந்திய விளைச்சலைக் கெடுக்குது, அதால இங்கிலாந்தின் வியாபாரமும் விழுகுது எண்டார்.

யோசித்துப் பாருங்கள். களஞ்சியத்தில் தானியம் இருக்கு. துறைமுகத்துக்கு ரயில் ஓடுது. கூலியை அளக்கிறது ஒரு ஆள், வரியை அறவிடுகிறது ஒரு ஆள், விலையை ஏத்துகிறது ஒரு ஆள். பழி மட்டும் பதினைந்து கோடி கிலோமீற்றர் தள்ளி இருக்கிற ஒன்றின்மேல்.

லொக்யர் கெட்டவர் எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. பஞ்சம் வருகிற வருடத்தை முன்கூட்டியே அறிந்தால் ஆயத்தமாகலாம் எண்டு அவர்கள் நம்பியிருக்கலாம். சூரியனுக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பைத் தேடுகிற அந்த ஆர்வத்தில்தான் பிறகு கொடைக்கானல் அவதான நிலையமும் உருவானது. அங்கே 1909இல் ஜோன் எவர்ஷெட் சூரியப்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். அங்கே நூறு வருடமாக எடுத்த படங்களை வைத்து இன்றைக்கும் ஆய்வு செய்கிறார்கள். அறிவியலுக்கு நட்டமில்லை. செத்தவர்களுக்குத்தான் நட்டம். அவர்களின் சாவு இயற்கையின் கணக்கில் எழுதப்பட்டது.

இந்தக் கணக்கு பிழை எண்டு அப்போதே சொன்னவர் உண்டு. ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி அதே 1877இல், மதராஸ் மழைக்கும் சூரியப்புள்ளிக்கும் சொல்லப்படுகிற தொடர்பு எண்களில் நிற்காது எண்டு எழுதினார். இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வோக்கர் 1910களில் சூரியப்புள்ளியையும் மழையையும் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தார். எதிர்வுகூறலுக்கு உதவுகிற உறவு அதில் கிடைக்கவில்லை. வேறு இடத்தில் தேடினார். பசிபிக்கிலும் இந்து சமுத்திரத்திலும் காற்றழுத்தம் ஊஞ்சல்போல் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டார். இன்றைக்கு எல் நினோ எண்டு செய்தியில் கேட்கிறோமே, அதோடு சேர்ந்த ஊஞ்சல்தான் அது. 1877இல் மழையைக் கெடுத்ததும் ஒரு பலத்த எல் நினோ.

ஆனால் எல் நினோவும் பஞ்சத்தை உண்டாக்குவதில்லை. மழை பொய்ப்பதற்கும் மனுசர் சாவதற்கும் இடையில் களஞ்சியம், விலை, கூலி, ரயில், அரசாங்கம் எண்டு எத்தனையோ கதவுகள் இருக்கின்றன. அந்தக் கதவுகளைப் பூட்டினது சூரியனும் இல்லை, கடலும் இல்லை.

பசித்தவர்கள் என்ன செய்தார்கள்? பலர் படகேறினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்கு மலிந்த கூலி கிடைத்தது. வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் எண்டதைப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் படிக்கவில்லை. இதை எழுதுகிற எங்களில் மூன்று பேர் மலையகத்தார். "பஞ்சம் பொழைக்க வந்தவங்க" எண்ட சொல் அவர்களின் வீடுகளில் இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் பஞ்சம் வானத்திலிருந்து விழுந்தது எண்டு ஆரும் சொன்னால் எங்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இனி மாமாவின் செய்திக்கு வருவோம்.

2015 ஜூலையில் வேல்ஸில் நடந்த வானியல் மாநாடு ஒன்றில் வலன்டீனா ஸார்க்கோவா ஒரு கணிப்பை முன்வைத்தார். சூரியனின் காந்தப்புலத்தில் ரெண்டு அலைகள் இருக்கின்றன, 2030களில் அவை ஒன்றையொன்று அடித்துவிடும், சூரியச் செயற்பாடு 60 வீதம் குறையும், மோண்டர் சிறுமம் போல ஒரு காலம் வரும் எண்டார். கவனியுங்கள். குறைவது புள்ளிகளும் காந்தக் கொந்தளிப்பும். சூரியனின் வெளிச்சம் 60 வீதம் குறையுது எண்டு அவர் சொல்லவில்லை. பத்திரிகைகள் அதைக் குட்டிப் பனியுகம் ஆக்கின. அது பத்து வருடமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அவரும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட அடுத்த கட்டுரை ஒன்று, சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டது எண்டு 2020இல் மீளப்பெறப்பட்டது. அந்தச் செய்தியை ஒரு மாமாவும் எங்களுக்கு அனுப்பவில்லை.

கணிப்பு சரியாக வந்தாலும் என்ன நடக்கும்? செய்மதிகள் 1978 தொடக்கம் சூரியனின் ஒளியாற்றலை அளக்கின்றன. 11 வருட வட்டத்தில் உச்சத்துக்கும் சிறுமத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.1 வீதம். ஆயிரம் ரூபாயில் ஒரு ரூபாய். மோண்டர் சிறுமம் திரும்பவும் வந்தால் பூமி எவ்வளவு குளிரும் எண்டு 2010இல் ஜேர்மனியின் பொட்ஸ்டாம் ஆய்வாளர்கள் கணித்தார்கள்: கூடினால் 0.3 பாகை. 2024இல் பூமி கைத்தொழிற் புரட்சிக்கு முந்தின நிலையைவிட ஏறக்குறைய 1.55 பாகை சூடாக இருந்தது எண்டு உலக வானிலை அமைப்பு அறிவித்தது. கழித்துப் பாருங்கள். இதுக்கு விஞ்ஞானபீடம் தேவையில்லை.

"அந்தக் காலத்தில் தேம்ஸ் ஆறு உறைந்ததே?" எண்டு கேட்பார்கள். உறைந்தது. ஆனால் ஐரோப்பாவின் அந்தக் குளிர்காலங்கள் 1645க்கு நூற்றாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டன, மோண்டர் சிறுமம் முடிந்த பிறகும் தொடர்ந்தன. எரிமலைகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

மற்றச் செய்தி, சூரியன்தான் சூடாக்குது எண்ட கதை, இன்னும் லேசாக உடையும். 1958இல் 19ஆவது வட்டத்தின் உச்சத்தில் சூரியப்புள்ளி எண் 285. 2014இல் 24ஆவது வட்டத்தின் உச்சத்தில் 116. அரைவாசிக்கும் குறைவு. அதே காலத்தில் பூமி சூடாகிக்கொண்டே போனது. இன்னொரு சாட்சி மேலே இருக்கிறது. சூரியன் காரணமெண்டால் கீழ் வளிமண்டலமும் மேலேயுள்ள படைமண்டலமும் சேர்ந்து சூடாகவேணும். கீழே சூடாகுது, மேலே குளிருது. காபனீரொட்சைட்டு போர்வையாக வெப்பத்தைக் கீழே பிடித்து வைத்தால் நடப்பது இதுதான்.

இன்னொன்று. 20ஆம் நூற்றாண்டில் சூரியன் தொடர்ந்து வலுத்து வந்தது எண்டு முந்தி ஒரு வாதம் இருந்தது. 400 வருடமாக எத்தனையோ பேர், வேறு வேறு தொலைகாட்டியால், வேறு வேறு முறையில் எண்ணின கணக்கு அது. 2015இல் பிரசல்ஸில் உள்ள நிலையம் அந்தக் கணக்கைத் திருத்தி வெளியிட்டது. எண்ணினவர்களின் வித்தியாசத்தைச் சரிசெய்தபோது அந்தப் பெரிய ஏற்றத்தின் பெரும்பகுதி காணாமல் போனது. நிபுணர்களும் பிழைவிடுவார்கள். 25ஆவது வட்டத்தின் உச்சம் 115 மட்டில் வரும் எண்டு நிபுணர் குழு சொன்னது, 2024 ஒக்ரோபரில் அது 160ஐத் தாண்டியது. அடுத்த வட்டத்தையே நிச்சயமாகச் சொல்லேலாதவர்கள் அடக்கமாகக் கதைக்கிறார்கள். யூடியூப் மாமாக்களுக்கு மட்டும் எல்லாம் நிச்சயம்.

இந்தக் கதையால் ஆருக்கு இலாபம்? சூரியன்தான் காலநிலையை ஆட்டுது எண்டு வருடக்கணக்காக எழுதிவந்த அமெரிக்க ஆய்வாளர் வில்லி சூன், எரிபொருள் துறையிலிருந்து 12 இலட்சம் டொலருக்கு மேல் ஆய்வுப் பணம் பெற்றார் எண்டதை ஆவணங்களோடு 2015இல் நியூயோர்க் ரைம்ஸ் வெளியிட்டது. பணம் தன் முடிவுகளை மாற்றவில்லை எண்டு அவர் சொன்னார். எண்ணெய்க் கொம்பனிகள் ஏன் சூரியனில் இவ்வளவு அக்கறைப்பட்டன எண்டு நாங்கள் கேட்கிறோம்.

இது அமெரிக்காவோடு நிற்கவில்லை. போன வருடம் ஒரு கருத்தரங்கில், வெக்கையில் வேலை செய்கிற தோட்டத் தொழிலாளருக்கு நிழலும் இடைவேளையும் கேட்டபோது, மேடையில் இருந்த அதிகாரி சொன்னார்: "சூரியனைப் பிடிச்சுக் கட்டேலுமே, பிள்ளையள்?" சபை சிரித்தது. நாங்கள் சூரியனைக் கட்டச் சொல்லிக் கேட்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே பிள்ளையை நித்திரையாக்குகிற லயத்துத் தாய்க்கு ஒரு வீடு கேட்டோம். 1877இல் டெம்பிளின் தராசை மறைத்த அதே சூரியன்தான் அந்த மேடையிலும் நின்றது.

எங்கட பக்கத்திலும் ஒரு நோய் உண்டு. "விஞ்ஞானமே காலனித்துவம், எண்ணிக்கையே ஆதிக்கம்" எண்டு ரெண்டு புத்தகம் வாசித்துவிட்டுச் சொல்லுகிறவர்கள். ஹண்டரின் கணக்கை உடைத்தது இன்னொரு கணக்கு. ஸ்ட்ரேச்சியும் வோக்கரும் எண்களால்தான் உடைத்தார்கள், அவர்களும் அதே பேரரசின் அதிகாரிகள்தான். எண்ணத் தெரியாதவனுக்கு எந்தப் பொய்யும் ஒட்டும். கலைப்பீடத்தில் இருக்கிறவர்கள் ஒரு வரைபடத்தை வாசிக்கப் பழகவேணும், வெட்கப்படத் தேவையில்லை.

சூரியனுக்குப் பயப்பட வேண்டிய இடமும் இருக்கிறது. 1989 மார்ச்சில் ஒரு சூரியப் புயல் கனடாவின் கியூபெக்கில் 60 இலட்சம் பேருக்கு ஒன்பது மணித்தியாலம் மின்சாரத்தை நிறுத்தியது. 2024 மே மாதப் புயலில் ஜி.பி.எஸ். தடுமாறியது. மின்கம்பிக்கும் செய்மதிக்கும் அது உண்மையான ஆபத்து, அதுக்கு அரசுகள் ஆயத்தமாகவேணும். எங்கட அறையின் வெக்கைக்கும் அதுக்கும் தொடர்பில்லை.

கடைசியில் மாமாவுக்குப் பதில் எழுதினோம். "மாமா, சூரியன் 11 வருசத்துக்கொருக்காக் கூடிக் குறையுது, 22 வருசத்தில முனை மாறித் திரும்ப வருது. அது தன்ட பாட்டில நடக்குது. வெக்கையைக் கூட்டுறது நாங்கள் எரிக்கிற கரியும் எண்ணெயும். அதை ஆர் கூட எரிச்சினம், ஆர் கூடச் சுடுபடினம் எண்டதைக் கேப்பம்." மாமா ஒரு கும்பிடு போட்டார். "பிள்ளை வடிவா எழுதியிருக்கிறாய்" எண்டார். அடுத்த நாள் பெரியம்மா அதே பனியுகச் செய்தியை அனுப்பினார்.

திரும்பவும் எழுதினோம்.